மகேசன் அண்ணைக்குக் கொடுக்கப்படாத மூன்று நிமிடம்

மகேசன் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குளியலறையில் நின்று மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் செத்த வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தாயிற்று. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கொஞ்ச நேரத்தில் கழுவிவிட வேண்டும் என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருந்தது. தொலைபேசியைக் கீழே வைத்த பிறகு எனக்கு மீசை இருப்பதே மறந்துபோயிற்று. கார்களில் கொடி கட்டிக்கொண்டு நாடே உலகக் கோப்பைக் கால்பந்து பார்த்த அந்தக் கோடை முடிந்து, டுசல்டோர்ஃபில் மழை பிடித்திருந்த நேரம். நனைந்துகொண்டே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது சாயம் மேலுதட்டைத் தாண்டிக் கன்னம்வரை இறங்கியிருந்தது.

அழுதுகொண்டிருந்த தவமணி அக்கா நிமிர்ந்து பார்த்தார். கணவனை இழந்த பெண்மணி, ஒரு கணம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி உது? கூத்துக்குப் போட்டு நேர வாறியளோ?" என்றவர், "அவர் இருந்திருந்தால் இப்ப கமெராவைத் தூக்கியிருப்பார்" என்று சொல்லி மறுபடியும் அழத் தொடங்கினார்.

ரயில் நிலையப் படிக்கட்டில், தோளில் கமெராப் பையோடு, மாரடைப்பு. வேறு விவரம் எதுவும் இல்லை.

இந்த இதழை வாசிப்பவர்களில் பாதிப் பேருடைய கல்யாணத்திலும் மீதிப் பேருடைய பிள்ளைகளின் பிறந்தநாளிலும் மகேசன் அண்ணையின் முழங்கை இடித்திருக்கும். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ, உங்களை ஆர் பாக்கப் போகினம்" என்று மாப்பிள்ளையின் தகப்பனையே ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்த மனிதர். வீடியோ மகேசன் என்றால் டுசல்டோர்ஃபில் எல்லோருக்கும் தெரியும். அவர் யாழ்ப்பாணம். நான் கரூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். என் மகனின் முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வந்தவர், நான் கேக் வெட்ட நின்ற விதத்தைப் பார்த்து, "ஐசே, நீர் கேக் வெட்டப் போறீரோ, கோழி வெட்டப் போறீரோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து நண்பர்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். "நல்லதாய் எழுதித் தாங்கோ, பிரச்சினை ஒண்டும் வேண்டாம்" என்றார்கள். நல்லதாக எழுதுவதற்கு அவர் ஒன்றும் நல்லவர் இல்லையே. வாய் கெட்டவர். பிடிவாதக்காரர். ஒரு ஐயரை மந்திரத்தின் நடுவில் நிறுத்தி, "ஐயா, தலையை எடுங்கோ, பொம்பிளையை மறைக்குது" என்றவர். அவரைப் புன்னகை தவழும் முகத்தினராகவும் பழகுவதற்கு இனியவராகவும் ஆக்கி, பூ வரைந்த சட்டத்துக்குள் போட்டு, மலர் அச்சாகிவிட்டது. நான் அதற்கு எழுதவில்லை. இதை எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டியதில்லை.

கோபத்துக்குக் காரணம் ஒரு பியானோக்காரன்.

பழைய சாமான் சந்தை ஒன்றில் கமெரா நிறுத்தும் முக்காலி ஒன்றைப் பேரம் பேசியிருக்கிறார் அண்ணை. விற்ற ஜெர்மன் கிழவருக்கு வீட்டைக் காலி செய்கிற அவசரம். முக்காலியோடு ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் தலையில் கட்டிவிட்டார். முக்காலி ஒரு மாதத்தில் உடைந்தது. பெட்டி நின்றது. எல்லாம் ஒரே ஆள் சம்பந்தப்பட்ட தட்டுகள். ஸ்விங் என்று அமெரிக்கர்கள் ஆடித் தீர்த்த காலத்தில் பியானோ வாசித்த ஒரு கறுப்பின மனிதர். பெரிய வாத்தியக் குழுக்களோடு அல்ல; ஒரு கிளாரினெட், ஒரு டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், பின்னால் தாளத்துக்கு இரண்டு மூன்று பேர் என்று ஒரு சின்ன அறைக்குள் அடங்குகிற கூட்டத்தோடு அவர் பதிந்தவை. பலவற்றில் நடுவே ஒரு பெண் வந்து ஒரு தடவை பாடிவிட்டுப் போவாள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். அந்தக் காலத்துத் தட்டில் அவ்வளவுதான் இடம்.

அந்தப் பியானோக்காரனின் பெயரை அண்ணை சொல்லவே மாட்டார். "எங்கட ஆள்" என்பார். ஏதோ பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர் மாதிரி.

அவருடைய வேலைக்கூடம், வீட்டுக்குக் கீழே, கெல்லர் என்று இங்கே சொல்கிற நிலவறையில் இருந்தது. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு மூட்டை, மறுபக்கம் படம் வெட்டி ஒட்டுகிற இயந்திரங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை உட்கார வைத்துத் தட்டைப் போட்டார். பியானோ தொடங்கியது. பிறகு கிளாரினெட். எனக்கு ஜாஸ் என்றால் விமான நிலையக் கழிப்பறையில் ஒலிப்பது என்கிற அளவில்தான் ஞானம். மரியாதைக்குத் தலையை ஆட்டினேன்.

"ஆட்டாதையும்," என்றார். "இப்ப பாட்டுக்காரி வரப்போறா. அவ வரேக்க எங்கட ஆள் என்ன செய்யிறான் எண்டு மட்டும் கவனியும்."

பாட்டுக்காரி வந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன்.

"ஒண்ணும் செய்யலையே அண்ணே."

"ஓம். அதுதான்."

மறுபடி போட்டார். மறுபடியும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது முறை போட்டபோதுதான் பிடிபட்டது. அவள் வரிகளுக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறாள், சோம்பேறித்தனமாக, வேண்டுமென்றே. அவளை அவசரப்படுத்தாமல், காத்திருப்பதாகவும் காட்டிக்கொள்ளாமல், அவள் விடுகிற இடைவெளியில் மட்டும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது பியானோ.

"இவன்ர கைக்கு ஏலாதது ஒண்டும் இல்லை," என்றார் அண்ணை. "கொஞ்சம் முந்தி என்ன வாங்கு வாங்கினவன், கேட்டனீர்தானே? ஆனால் அவ பாடேக்க, தனக்கு இவ்வளவு தெரியும் எண்டு ஒரு இடத்திலயும் காட்டமாட்டான். ஆர் பாடவந்தாலும் அப்பிடித்தான். நல்லாப் பாடுறவளுக்கும் அதுதான், சுமாராப் பாடுறவளுக்கும் அதுதான்."

இந்த மனிதர் இந்தப் பியானோவைத்தான் சாமத்திய வீட்டு வீடியோக்களுக்குப் பின்னணியாகப் போட்டார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாம் மஞ்சள் நீராட்டு என்கிறோமே, அதுதான். இங்கே அது கல்யாணத்தைவிடப் பெரிய காரியம். மண்டபம் பிடித்து, பல்லக்கு வைத்து, பிள்ளைக்கு நாலு உடுப்பு மாற்றி, ரைன் நதியில் படகு ஏற்றிப் படம் எடுப்பார்கள். வீடியோ தொடங்கும்போது திரையில் தாமரை விரிய வேண்டும். அன்னம் நீந்த வேண்டும். பிள்ளையின் முகம் இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் அந்த வருடத்தின் சினிமாப் பாட்டு அத்தனையும் வரிசையாக வர வேண்டும். இது எழுதப்படாத சட்டம். மகேசன் அண்ணையின் வீடியோவிலோ, தாய் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சேலைக் கொசுவத்தைப் பிடிப்பாள். மாமன்காரன் யாரும் பார்க்கவில்லை என்று வடையை முழுசாக விழுங்குவான். பிள்ளை கொட்டாவி விடும். பின்னால் எங்கட ஆள் வாசித்துக்கொண்டிருப்பார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்:

"சினிமாப் பாட்டைப் போட்டால், பாக்கிறவன் பிள்ளையைப் பாக்கமாட்டான், அந்தப் பாட்டுக்கு ஆடின நடிகையை நினைப்பான். இவன் வாசிச்சால் பிள்ளை பிள்ளையாவே இருக்கும்."

இதைவிட ஒழுங்கான கலைக் கொள்கையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. மேடையில் நானே நிறையப் பேசியிருக்கிறேன் என்பதால் இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

என் மகனின் பிறந்தநாள் வீடியோவும் அப்படித்தான் வந்தது. அதில் என் மனைவி கல்பனா ஒரு பாட்டுப் பாடுவாள். கல்பனாவுக்கு வேறு பல திறமைகள் உண்டு. பாட்டுக்கு முன்னால் பியானோ இருக்கும், பின்னால் பியானோ இருக்கும். அவள் பாடுகிற இடத்தில் சுத்தமாக இருக்காது. "என் பாட்டுக்குக் கீழயும் கொஞ்சம் மியூசிக் போட்டிருக்கலாமில்ல?" என்று அவள் கேட்டதற்கு, "தங்கச்சி, நீங்கள் போற வேகத்துக்கு எங்கட ஆளாலயும் ஏலாது" என்றார். அவளுக்கு அது பாராட்டா ஏச்சா என்பது இன்றுவரை தெரியாது. அவ்வப்போது என்னிடம் கேட்பாள். எனக்கும் தெரியாது என்பேன்.

இனி குணநாயகம்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர். நல்ல உயரம், நல்ல குரல், எந்த ஒலிவாங்கியைக் கண்டாலும் கை தானாக நீளும். அவருடைய மகளின் சாமத்திய வீட்டை அண்ணைதான் எடுத்தார். கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுமாதமே குணநாயகம் கெல்லருக்குப் படியிறங்கி வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்ன மகேசன், உது என்ன மியூசிக்? ஹோட்டல் பாரில குடிகாரருக்குப் போடுறதெல்லே! வந்த சனம் சிரிக்குது. என்ர பிள்ளையின்ர விசேசத்துக்கு ஒரு நல்ல தமிழ்ப் பாட்டுப் போட உங்களுக்கு என்ன வருத்தம்?"

"சனம் ஆர் சிரிச்சது?"

"என்ர மச்சான் கனடாவில இருந்து போன் எடுத்துச் சிரிச்சவன்!"

"உங்கட மச்சான் வடை விழுங்குறதும் அதில இருக்கு. அதுக்குத்தான் வெக்கத்தில சிரிச்சிருப்பார்," என்றார் அண்ணை. குணநாயகம் கசெட்டை மேசையில் அறைந்து வைத்துவிட்டுப் படியேறிப் போனார். அண்ணை அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு தைப்பொங்கல் விருந்துக்குக் குணநாயகம் வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டால் போவேன், அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், எனக்கு அந்த விஷயத்தில் கொள்கை கிடையாது. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அதே சாமத்திய வீடு ஓடிக்கொண்டிருந்தது. அதே ஊசி, அதே கொட்டாவி. பியானோ இல்லை. அத்தனையும் சினிமாப் பாட்டு. தொடக்கத்தில் தாமரை விரிந்தது, அன்னம் நீந்தியது, ஆனால் கடைசியில் 'ஒளிப்பதிவு: மகேசன்' என்று அப்படியே இருந்தது. யாரோ ஒருவன் அண்ணையின் படத்தை எடுத்து, குடலை உருவி, வேறு எதையோ திணித்துத் தைத்து, பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தான். என் எரிச்சலுக்கு இன்னொரு காரணம், அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆரத்தித் தட்டு இறங்கும் இடத்தில் சரியாகத் தாளம் விழுந்தது. பிள்ளை சிரிக்கும் இடத்தில் பாட்டு மூச்சு விட்டது. பாவிக்குக் கைத்திறன் மட்டும் இருந்தது.

பிறகு விசாரித்தேன். விசாரிப்பது எனக்குக் கை வந்த கலை. கல்பனா அதற்கு வம்பு என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒரு வீடு அல்ல. அண்ணை எடுத்த வீடியோக்களில் பல இப்படிப் பாட்டு மாற்றப்பட்டிருந்தன. யார் செய்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "உது எங்கயோ குடுத்து மாத்தினது" என்று மழுப்பினார்கள். பக்கத்து ஊரான வுப்பர்தாலில் ஒரு வீடியோக்காரர் இருக்கிறார், அண்ணைக்குத் தொழிலில் போட்டி. அவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அண்ணையிடம் சொன்னபோது, "விடும் ஐசே" என்று உருளைக்கிழங்கு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனம் நொந்துபோய்விட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியாகப் பார்த்தபோது ஒரு குறுந்தகட்டை என் கையில் கொடுத்தார். ஒரே ஒரு பாட்டு. முதன்முதலில் எனக்கு நாலு முறை போட்டுக் காட்டினாரே, அது.

"நான் போற அண்டைக்கு இந்தப் பாட்டைப் போட்டுவிடும். தேவாரம் அக்கா பாடுவா, அது தன்ர பாட்டுக்கு நடக்கட்டும். அது முடியப் போட்டால் சரி."

"நீங்க எங்கே அண்ணே போறீங்க?"

"கனடாவுக்கு!" என்று கத்தினார். "விசர்க் கேள்வி."

இறுதிச் சடங்குக்கு மயானத்து மண்டபம் அரை மணி நேரத்துக்குத்தான் கிடைத்தது. ஜெர்மனியில் சாவுக்கும் நேரம் குறித்துத்தான் கொடுக்கிறார்கள். வெளியே அடுத்த சவப்பெட்டிக்காரர்கள் பூங்கொத்தோடு நின்றார்கள். தவமணி அக்கா தேவாரம் பாடினார். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, மீண்டும் எடுத்துப் பாடினார். அதோடு பாட்டைப் போட்டிருக்க வேண்டும். நான் குறுந்தகட்டோடு மண்டப ஊழியரிடம் எழுந்து போவதற்குள் ஒலிவாங்கி குணநாயகத்தின் கையில் இருந்தது.

அவர் பேசினார். அவருக்குப் பிறகு உபதலைவர் பேசினார். உபதலைவருக்குப் பிறகு, தலைவர் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல மறுபடியும் தலைவர் பேசினார். "மேலைத்தேய ஜாஸ் இசையை எமது சமூகத்துக்கு அறிமுகம் செய்துவைத்த முன்னோடி" என்றார். நான் காதால் கேட்டேன். குடிகாரர் மியூசிக் என்று கசெட்டை அறைந்த அதே கை, இப்போது சவப்பெட்டியின் மேல் உருக்கமாகப் படிந்திருந்தது. "அன்னாரது கலைச்சேவை" என்றார். அண்ணை மட்டும் எழுந்திருக்க முடிந்திருந்தால் "தள்ளுங்கோ, உங்களை ஆர் பாக்கப் போகினம்" என்றிருப்பார்.

கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டப ஊழியர் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு நிமிடம். பாட்டு மூன்று நிமிடம்.

நான் நேராக முன்னால் போனேன். மேலுதட்டில் இன்னும் கழுவியும் போகாத கறுப்பு. குணநாயகத்திடம் காதோடு சொன்னேன், "அண்ணையோட பாட்டு இருக்கு. நீங்க சாப்பிட்டது அவர் நேரம்."

"முதல் ரெண்டு நிமிசத்தைப் போடுங்கோவன்," என்றார். "ஆர் கண்டது?"

"பாதியிலதான் பாட்டுக்காரியே வருவா. அவளை நடுவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிப்பாட்டினால் என்ன, குறைஞ்சே போகும்?"

நான் குறுந்தகட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். போட முடியாது என்று ஊழியரிடம் தலையை ஆட்டிவிட்டேன். அண்ணையின் மானத்தைக் காப்பாற்றியதாக அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முழுதாகப் போடுவதென்றால் போடு, இல்லையென்றால் வேண்டாம். அரைகுறையாக அறுத்துப் போட அது அவர்கள் வீட்டுச் சினிமாப் பாட்டு அல்ல. அந்த இரண்டு நிமிடமும் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பெட்டி வைத்த வண்டியின் சக்கரம் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று.

கார் நிறுத்துமிடத்தில் வுப்பர்தால்காரர் அகப்பட்டார். அத்தனை ஆத்திரமும் அவர் மேல் இறங்கியது. "அவரோட படத்தை எல்லாம் நாசம் பண்ணிட்டு, மாலை வேற கொண்டுவந்தீங்களா?" என்று கத்தினேன். அவர் என் முகத்தை, குறிப்பாக மேலுதட்டை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, நான் மகேசன்ர படத்தில கை வைக்கேல்லை. வைக்கிற அளவுக்கு எனக்குத் தொழில் தெரியாது," என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பொய், என்ன பணிவு! அன்றிலிருந்து எனக்கு அந்தப் பணிவின் மேலும் கோபம்.

இவ்வளவையும் கொட்டிவிட்ட பிறகு, அவரிடமிருந்து என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறேன். என் மகனின் பிறந்தநாள் கசெட் இருக்கிறது, பாட்டு மாற்றப்படாமல். கல்பனா பாடும்போது பியானோ இல்லாத அந்த இடம் இருக்கிறது. இனி யார் பாடினாலும், பின்னால் வாசிப்பவன் என்ன செய்யாமல் இருக்கிறான் என்று கேட்கிற ஒரு காதை எனக்கு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். குறுந்தகடு காரில் கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது போடுகிறேன். பாட்டுக்காரி பாடி முடிக்கும்வரை, பச்சை விளக்கு எரிந்து பின்னால் ஜெர்மன்காரர்கள் ஹார்ன் அடித்தாலும், வண்டியை எடுப்பதில்லை. மூன்று நிமிடம் கொடுக்காத ஊருக்கு என்னால் முடிந்த தண்டனை.

இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், தவறு ஏதும் இருக்கக் கூடாதென்று தவமணி அக்காவுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். மீசை வந்த இடத்தில் சிரித்தார். ஐயரின் தலை வந்த இடத்திலும் சிரித்தார். வுப்பர்தால்காரர் வந்த இடத்தில், "ஐயோ, பாவம் அந்த மனுசன்" என்றார். ஏன் பாவம் என்று கேட்டேன்.

"தம்பி, உங்களுக்குத் தெரியாதே? குணநாயகத்தாற்ர வீடியோவுக்குப் பாட்டு மாத்தினது எங்கட இவர்தானே. எங்கட கெல்லருக்குள்ள இருந்துதான். ஆர் வந்து கேட்டாலும் மாத்திக் குடுத்துவிடுவார். உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவர், நீங்கள் கவலைப்படுவியள் எண்டு."

எந்தெந்தப் பாட்டு என்று குணநாயகம் சொல்லிக் கொடுத்தாராக்கும் என்று கேட்டு வைத்தேன்.

"இல்லை," என்றார் அக்கா. "அவ்வளவும் இவர்தான் ஆசையாய்த் தெரிஞ்செடுத்தவர்."